சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்களும் பிழைதீர் பதிப்பும்

நம் காரைநகரினின்றும் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து வட்டுக்கோட்டைக்குச் செல்வோர், அங்கே பழைய தேவாலயமொன்றையும் அதனையடுத்த கலாசாலைக் கட்டிடங்களையும் காண்பர். 1823-ஆம் ஆண்டு முதல் 1855-ஆம் ஆண்டு வரையும் அமெரிக்க மிஷனாரிமார் அவ்விடத்திலே செமினரி என்னும் உயர்தர வித்தியாசாலையை நடாத்தினர். அதிலே 1844 முதல் 1852 வரை எட்டாண்டு கற்ற மாணாக்கரொருவர், பிற்காலத்திலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டினின்றும் எடுத்து அச்சிலே ஏற்றித் தமிழுலகிற்கு உதவினார். அவரே சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்.

அவருடைய சரித்திரம் நம்மவர்க்குப் புதியதன்று. ஆயினும் அதனுள்ளே ஆசிரியத் தொழில் புரிவோர் தனித்து நோக்கத்தக்க பகுதியொன்று உண்டு. நுணுகி நோக்கும் இயல்புடைமை நல்லாசிரியர்க்கு அணியென்பது உண்மையே. அவ்வியல்பே மிகுந்தவிடத்து அது தொழிலைத் தடுக்கும் நோயாயும் முடிகின்றது. ஒரு கொப்பியைத் திருத்தப் புகுந்தால் ஓர் ஒற்றுப்பிழையும் விடுதலாகாது என்று பிடிவாதஞ் செய்து, நாற்பது கொப்பிகளிலே பத்தைத் திருத்திக் கொடுத்து, மற்றை முப்பதையும் மாதக்கணக்காக மேசைமேற் கிடக்கவிடும் ஆசிரியரை யாம் அறிவோம். பாடக் குறிப்பை மூன்றுமுறை கிழித்தெழுதிப் பாடத்தை நடத்தாது விட்டவரையும் அறிவோம். இதனை எழுதுவோனும் நெடுங்காலம் அக்கூட்டத்துள் ஒருவனாயிருந்தவன். அத்தகையார்க்குப் பிள்ளையவர்கள் சரித்திரம் ஒரு கண்ணாடிபோலப் பயன்படும் என்பது பற்றியே ஈண்டு எழுதப்படுகின்றது.

பிள்ளையவர்கள் 1832-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12-ஆந் திகதி சிறுப்பிட்டியிலே வைரவநாதபிள்ளை என்பவர்க்குப் புத்திரராய்த் தோன்றினார். தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடத்தும், இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்தும் கற்றார். தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலும் பின் வட்டுக்கோட்டையிலும் ஆங்கிலம், கணிதம் முதலியன பயின்றார். கிறிஸ்தவச் சூழலிலே வளர்ந்த அவர் பின்பு சைவத்திற்கே மீண்டு, சைவ மகத்துவம் என்னும் நூலை இயற்றினமையும் யாவரும் அறிந்ததே.

1852-ஆம் ஆண்டு கோப்பாயிலே ஆசிரியரானார். இரண்டாண்டு கழித்து, 1854-இல், நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளிப்படுத்தினார். அப்போது அவர்க்கு வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ ஆகும். அதன்பின் பேர்சிவல் பாதிரியார் அழைப்பச் சென்னைக்குச் சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடாத்தினார். சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டு தாபிக்கப்பட்டது. அதன் முதற் பீ. ஏ. பரீட்சையிலே தேறினவர் இருவரே. ஒருவர் தாமோதரம்பிள்ளையவர்கள், மற்றவர் வட்டுக்கோட்டை விசுவநாதபிள்ளையவர்கள். சென்னை மாகாணம் முழுவதற்கும் முதற் பட்டதாரிகளிருவரும் யாழ்ப்பாணத்துச் செமினரியொன்றினின்றும் போந்தவராதல் நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதே. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா.

கள்ளிக்கோட்டையிலே சிறிதுகாலம் படிப்பித்தபின் பிள்ளையவர்கள் அரசாங்க வரவு செலவுக் கணக்கு நிலையத்திலே உத்தியோகம் பெற்று, விசாரணைக் கர்த்தராயும் உயர்ந்தார். 1871-இலே நியாயசாஸ்திரப் பட்டமும் பெற்றார். பகலெல்லாம் கணக்கு, ஒரு சதம் பிழைத்தாலும் ஏடு முழுவதையும் மீளப் புரட்டவேண்டிய தொழில். இரவிலே தமிழேடு, ஒரு புள்ளி பிழைத்தாற் பொருள் முழுவதும் புரளும். இயல்பிலே நுணுக்கமுடையாரொருவர் இவ்விரண்டினிடையும் அகப்பட்டு நின்றார் என்க.

அவர் பதிப்பித்த பழைய நூல்களின் ஆண்டுகளை வரிசையாக வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். முதலாவது நூல் 1854. அடுத்தது, தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரை, 1868. அதற்கடுத்தது வீரசோழியம், 1881. பதினான்கு ஆண்டு, பின் பதின்மூன்று ஆண்டு என்றிவ்வாறு இடைவெளி கிடக்கின்றது. ஆனால் 1881 முதல் 1891 வரையுமுள்ள பத்தாண்டினுள்ளே வீரசோழியம், இறையனார் களவியலுரை, திருத்தணிகைப் புராணம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, இலக்கண விளக்கம், சூளாமணி, தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியருரை என எட்டு நூல்கள் வெளிவந்தன. இருபத்தேழாண்டில் இரண்டு; பத்தாண்டில் எட்டு. உத்தியோகச் சுமை நீங்கினமை இதற்கு ஒரு காரணமாம். ஆயினும் அஃதொன்றே காரணமென்று கொள்ளுதல் பொருந்தாது. வீரசோழியமும் களவியலுரையும் வெளிவந்த காலத்தை அடுத்தே அவர் கும்பகோணத்தில் வழக்கறிஞராயிருந்தார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாயிருந்தார். கலித்தொகையும் இலக்கண விளக்கமும் சூளாமணியும் அந்நீதிபதிப் பதவிக் காலத்துப் பதிப்புக்களே. ஓய்ந்திருந்து செய்த வேலைகளல்ல.

மற்றைக் காரணத்தை அறிதற்கு 1868-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்கல்வேண்டும். சேனாவரையருரையைப் பிள்ளையவர்கள் பதிப்பித்தபோது அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுகநாவலரவர்கள். நாவலரவர்கள் பதிப்பென்றாற் பிழையின்மைக்கு அதுவே சான்றென்று தமிழறிந்தோர் கொண்டிருந்த காலம் அது. அத்தகைய பெரியார் ஒருவர் கண்பார்த்து விடுத்தபின்பு, பதிப்பித்தவர் மனம் அஞ்சுதற்கு இடமில்லை. நாவலரவர்கள் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆந் திகதி சிவபதமடைந்தார்கள். அதன்பின் பிள்ளையவர்கள் தாமே செய்து, தாமே பார்த்து, தம் பெயரிலே பழியையும் ஏற்கவேண்டிய நிலையினரானார். பிறிதொருவராயின் அத்தோடு எழுதுகோலை வைத்திருப்பர். தம்மினும் வல்லாரொருவர் இனித் தோன்றுவர், அவர் செய்யட்டும் என்றிருத்தல் அடக்கம்போலவே தோன்றுமாதலின், அதனைக் குறைகூறுவாரும் இலர்.

அங்ஙனம் இருத்தலாகாமைக்குக் காரணம் ஏட்டின் நிலையே. அச்சுப் புத்தகத்திலே பழகிய நமக்கு அந்நிலை எளிதிற் புலப்படாதாதலின் சிறிது விரித்துக் கூறுவாம்.

பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் நிலைப்பதன்று. பழுது படுமுன் புத்தோலையிலே பெயர்த்தெழுதிவைத்தல் முன்னோர் வழக்கு. எழுதுவாரும் படிப்பாரும் அருகவே அப்பெயர்த்தெழுதும் வழக்கும் அருகிற்று. ஓலை மாத்திரம் செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாய்க் கிடந்தது. கட்டை அவிழ்க்கும்போதே ஓரம் உதிரும். ஒவ்வோரிதழாய்ப் புரட்டும்போது துளைப்பட்ட இடத்தில் முறியும். இன்று ஒருவர் வாசித்த ஏட்டை அடுத்த தலைமுறையார் வாசிப்பதற்கு உறுதியில்லை.

இனி எழுத்தின் நிலை. ஓலையிலே புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று எழுதுவோர் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடார். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவிலே வேற்றுமையில்லை. ரகரமும் ஆகாரக் குறியாகிய காலும் ஒரே வடிவின. ஆதலின் ஏட்டிலே ஒரே விதமாய் வரையப்பட்ட சொல்லைக் கொடு என்று வாசிப்பினும் ஆம். கோடு என்று வாசிப்பினும் ஆம். காலை ரகரமாகக் கொண்டு பொருளற்ற வேறொரு சொல்லாக வாசிப்பினுந் தடையில்லை. சொற்களுக்கிடையே வெளியில்லை. சூத்திரம் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது, உரைகாரர் காட்டிய உதாரணச் செய்யுள் எது என்பன ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே கோவையாய்க் கிடக்கும். இவற்றின்மேல் ஏடெழுதினோர் பிழைகள் வேறு. எழுதுவோன் கண் ஒரு சொல்லினின்றும் அதுபோன்ற பிறிதொரு சொல்லிற்குத் தாவினால் இடையிலுள்ள வரி முழுவதும் மறையும். அப்பிழையேட்டைப் பார்த்து நாலு பேர் எழுதினால் நாலேடும் ஒத்திருக்கும். ஒத்திருத்தல்பற்றி அதனையே மெய்ப்பாடமென்று மயங்கவும் நேரும். ஆகவே ஏடுகள் பல கிடைத்தல் மாத்திரம் போதாது. எவ்வேடு எதனின்று பிறந்தது என்று ஆராய்தலும் வேண்டும்.

இவ்வாறான ஏட்டினின்றும் ஒரு நூலை முற்றும் பிழையறப் பெயர்த்தல் ஒருவரது ஆயுளில் முடியுங் காரியமன்று. முடிந்தபின்பே வெளியிடுவேனென்பார், ஆராயும் ஏடே அற்றுப்போன பின்பு ஆராய்ச்சியை முடிப்பாராவர். பிள்ளையவர்கள் இவ்வுண்மையைக் கணக்கு நிலையத்துப் புத்திகொண்டு எடை போட்டார் என்று யாம் கருதுகின்றோம். பிழையோடு அச்சாகும் நூல் பின்பு திருந்தலாம். அச்சாகாது அழியும் ஏடு எக்காலத்துந் திரும்பி வாராது. நட்டம் இரண்டிலும் உண்டு. ஒன்று மாத்திரமே பின்னர் ஈடுசெய்யப்படத்தக்கது.

இதுகொண்டு அவர் கவனக்குறைவாய்ப் பதிப்பித்தார் என்று நினைத்தல் பெருந்தவறாகும். ஏடு தேடுதற்கு அவர் பட்ட பாடும், செலவிட்ட பொருளும் மிகப்பல. ஒரு நூலுக்கு ஒரேட்டோடு அமையாது பல இடங்களினின்றும் பிரதிகள் வருவித்து ஒப்புநோக்கினார். தமக்கு ஏடுதவினோரையும், அவ்வேடுகளின் தன்மையையும், தமக்கு ஐயமுள்ள இடத்தையும் பதிப்புரையிலே மறையாது எழுதினார். அவருடைய பதிப்புரைகள் நூலுக்கு முன்னே ஒட்டிவைத்த வெறும் உபசார வார்த்தைகளல்ல. ஏட்டு நிலை, நூல் வரலாறு, ஆசிரியர் காலம், தம்மேற் சொல்லப்பட்ட குற்றங்களுக்கு விடை ஆகிய யாவும் ஆங்கே உள. பிழை காண்போர் தெரிவிப்பின் ஏற்றுக்கொள்வேன் என்பதையும் அவர் வெளிப்படையாகவே அறிவித்தார். நூலைக் கையினின்றும் விடுக்கும்போது அதன் குறையையும் உடனெழுதிவிடுத்தல் அவர் கண்ட முறை. மாணாக்கனொருவனுக்கு ஒரு விடயத்தைக் கற்பிக்கும்போது, இப்பகுதி எனக்குத் தெளிவு. இப்பகுதியை இன்னும் பார்த்துச் சொல்வேன் என்று கூற நம்முள் எத்துணைப் பேர் துணிகின்றோம்?

குறைகூறுவாரும் இல்லாமலில்லை. ஒருவரும் தீண்டாத ஏட்டைத் தீண்டியவர்க்கு அஃது இயல்பே. அவருள்ளே சிலர் பொறாமையாற் கூறினர். சிலர் உண்மையே கூறினர். பிள்ளையவர்கள் பதிப்பிலே பிழைகள் இருந்தனவென்பதை மறைத்துப் புகழ்தல் அவர்க்கும் உவப்பாகாது. அவற்றுள் ஒன்றைமட்டும் எடுத்துக் கூறுவாம்.

1885-ஆம் ஆண்டு பொருளதிகாரம் வெளிவந்தது. அதன் ஒன்பதியல்களின் உரையையும் நச்சினார்க்கினியருரை என்றே பிள்ளையவர்கள் பதிப்பித்தார். ஏடு அவ்வாறு காட்டிற்று. மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் 1902-ஆம் ஆண்டு செந்தமிழ் என்னும் பத்திரிகையைத் தொடங்கியபோது அதற்கு ஆசிரியராயிருந்த ரா. இராகவையங்காரவர்கள் அவ்வுரையை நுணுகி ஆராய்ந்து, மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கியல்களின் உரையும் நச்சினார்க்கினியருடையதன்று, பேராசிரியருடையது என்று நிலைநாட்டினார். இரண்டு உரையாசிரியரை ஒருவராகக் கொள்ளுதல் சிறு பிழையன்று. ஆயினும் இராகவையங்காரவர்கள் அதனைக் கண்டுபிடித்தற்கு மூலமாயிருந்தது எது? பிள்ளையவர்கள் அச்சிட்ட புத்தகமே. ஒன்பதியலும் ஓரிடத்தே, தெளிந்த எழுத்திலே, எவரும் விலைகொடுத்து வாங்கத்தக்கதாய்க் கிடந்தமையினாலன்றோ முன்னைந்தையும் பின்னான்கையும் ஒருவர் அருகருகே வைத்து நோக்க முடிந்தது? கலித்தொகையையும் பிள்ளையவர்கள் 1887-இல் நல்லந்துவனார் கலித்தொகை என்று முழுவதும் ஒருவர் வாக்காகவே பதிப்பித்தார். அதுவும் பின்னையோரால் ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று.

பிறிதொன்றும் ஈண்டுச் சொல்லத்தக்கது. எல்லாவற்றையும் தாமே செய்தல்வேண்டும் என்னும் ஆசையும் இவ்வியல்போடு உடன்பிறந்ததே. பிள்ளையவர்கள் கும்பகோணத்திலிருந்த காலத்திலே அவ்வூர் அரசாங்கக் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்தவர் உ. வே. சாமிநாதையரவர்கள். ஐயரவர்கள் சீவகசிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருத்தலை அறிந்த பிள்ளையவர்கள், அதனைத் தாம் பதிப்பிக்கக் கருதி ஏடுகளைக் கேட்டார். ஐயரவர்கள் இசையாது தாமே பதிப்பிக்கத் துணிந்து 1887-இலே வெளியிட்டார்கள். கேட்டது முறையோ, மறுத்தது முறையோ என்று வழக்காடுவோர் உளர். நமக்கு அவ்வழக்கு வேண்டா. பிள்ளையவர்கள் அதன்பின் வாளாவிருந்தாரல்லர். தம் கையிலிருந்த இலக்கண விளக்கத்தையும் சூளாமணியையும் எடுத்து முடித்தார். வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சமணர் செய்த காவியம். சைவராகிய பிள்ளையவர்கள் அவை அழியாது காத்தமையை நம் சைவாபிமானிகள் குறையாகக் கொள்ளார் என்று நம்புகின்றோம். தணிகைப் புராணத்தை அச்சிட்ட கையே சூளாமணியையும் அச்சிட்டது.

இத்துணை வேலைக்கிடையே அவர் பிறந்த நாட்டையும் மறந்தாரல்லர். 1876-ஆம் ஆண்டு ஏழாலையிலே ஒரு பாடசாலையை நிறுவினார். மாணாக்கர்க்கென வாசக புத்தகங்களும் எழுதினார். 1895-இலே அரசினர் அவர்க்கு ராவ்பகதூர் என்னும் பட்டம் அளித்தனர். 1901-ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி சென்னையிலே தேகவியோகமடைந்தார். அகநானூற்றையும் அச்சிடுதற்கு அவர் முயன்றுகொண்டிருந்தார், அது முற்றுப்பெறவில்லை. பின்பு பிறர் முடித்தனர்.

பிள்ளையவர்கள் தொடக்கிவைத்த தொல்காப்பியத் திருத்தம் மீண்டும் நம் நாட்டிற்கே வந்து சேர்ந்த செய்தியொன்று உண்டு. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரவர்கள், முன்னை அச்சுப் பிரதிகளை ஏட்டுப் பிரதிகளோடு ஒப்பிட்டு, தாம் பல்லாண்டு பாடஞ் சொன்னபோது குறித்துவைத்த திருத்தங்களையும் விளக்கக் குறிப்புக்களையும் சேர்த்துக் கொடுக்க, சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலே தொல்காப்பியம் பகுதி பகுதியாய் வெளிவந்தது. எழுத்ததிகாரம் 1937, சொல்லதிகாரம் 1938, பேராசிரியருரையோடு கூடிய பின்னான்கியல் 1943, நச்சினார்க்கினியருரையோடு கூடிய முன்னைந்தியல் 1948. 1885-இலே ஒருவர் பெயரால் ஒன்றாய் வந்த உரை, இவ்வாறு ஈருரைகாரர் பெயரால் இரண்டு புத்தகமாயிற்று. அழுத்தகம் இருந்த ஊர், பிள்ளையவர்கள் இளமையிலே முத்துக்குமார கவிராயரிடம் நன்னூலும் பிறவும் பாடங்கேட்ட அதே சுன்னாகம்.